அகமதாபாத் பழைய நகரில் அரை நாள்: கைடுடன் நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அகமதாபாத் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரைப் பேசிக்கொண்டு சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு, காந்திநகர் அக்ஷர்தாம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது சபர்மதி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற பழைய ஊரை. இந்தியாவில் அந்தத் தகுதி முதலில் கிடைத்த நகரம் அதுதான். அதைப் பார்க்கக் கார் உதவாது. பல சந்துகளில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தாலே சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

தனியாக நடந்தாலும் பாதிதான் கிடைக்கும். இந்த ஊர் தெருவில் போகிறவனுக்கு எதையும் காட்டிக்கொள்வதில்லை. கோயில் வீட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர் முற்றத்துக்கு அடியில் இருக்கிறது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகிற வழி, யாரோ ஒருவர் வீட்டுக் கதவு மாதிரித் தெரிகிற கதவுக்குள் இருக்கிறது. உள்ளே கூட்டிப்போக ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளைச் சரியாகப் போட வேண்டும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நடக்க நல்ல காலம். காலை எட்டு மணிக்கு மெல்லிய ஸ்வெட்டர் கேட்கும், பத்து மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். மார்ச்சிலேயே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். மே மாதம் வேண்டவே வேண்டாம். 2010-ல் வந்த வெப்ப அலைக்குப் பிறகு, வெயிலைச் சமாளிப்பதற்கென்றே 2013-ல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு செயல்திட்டம் போட்ட மாநகராட்சி இது. 2016 மே மாதத்தில் 48 டிகிரியைத் தொட்ட ஊர். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்திலும் இரண்டு சமயங்களைத் தவிர்க்கப் பாருங்கள். தீபாவளிக்கு அடுத்து வருவது குஜராத்திப் புத்தாண்டு. அப்போதிருந்து லாப் பாஞ்சம் என்கிற ஐந்தாம் நாள் வரை கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஊரே வெளியூர் போயிருக்கும். இன்னொன்று ஜனவரி 14, 15. உத்தராயண், பட்டத் திருவிழா. பழைய நகரம் முழுக்க மொட்டைமாடியில்தான் இருக்கும், கீழே மாஞ்சா நூல் குறுக்கும் நெடுக்கும் தொங்கும். அந்த இரண்டு நாளும் ஊரில் இருந்தால் நடையை விட்டுவிட்டு, ஒரு மொட்டைமாடியில் இடம் பிடியுங்கள். பழைய வீட்டுக்காரர்கள் சிலர் அதற்கென்றே மாடியை வாடகைக்கு விடுகிறார்கள். வேறு எந்த நாளிலும் கிடைக்காத காட்சி அது.

கிழமையும் முக்கியம். ஞாயிறு காலை தெருக்கள் காலியாக இருக்கும், வீடுகளின் முகப்பை நின்று நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் மாணேக் சௌக் என்கிற சந்தைச் சதுக்கத்தின் நகைக் கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் நடந்தால் சந்தையின் உயிர்ப்பு கிடைக்கும், ஹார்ன் சத்தமும் கூடவே வரும். எனக்கு ஞாயிறுதான் பிடிக்கும். வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகைக் கூட்டத்துக்கு முன்னாலேயே ஜாமா மசூதியைப் பார்த்து முடித்துவிட வேண்டும்.

படி 2: எந்த நடை, எந்த கைடு

மாநகராட்சியே நடத்துகிற ஹெரிடேஜ் வாக் ஒன்று உண்டு. 1997 நவம்பர் 19 அன்று தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் காலை எட்டு மணி வாக்கில் ஆரம்பித்து ஜாமா மசூதியில் பத்தரை மணி வாக்கில் முடியும். கோயிலில் தொடங்கி மசூதியில் முடிகிற இந்தப் பாதையை நன்றாக யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். நடுவே சமணக் கோயில்கள், கவிஞர் ஒருவரின் வீட்டு முகப்பு, பழைய பங்குச் சந்தை என்று நகரத்தின் எல்லாத் தரப்பும் வந்துவிடும். கட்டணமும் முன்பதிவு முறையும் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே முந்தின நாளே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு குறை, கூட்டம். குளிர்கால ஞாயிறுகளில் குழு பெரிதாகிவிட்டால், சந்துக்குள் பின்னால் நிற்பவருக்குக் கைடின் குரல் எட்டாது. கைடுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடப்பதுதான் வழி. படம் எடுக்க நின்றால் ஒரு கதை போச்சு.

குடும்பமாக நான்கைந்து பேர் போகிறீர்கள் என்றால் தனிக் கைடு வைத்துக்கொள்வது நல்லது. சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் தப்பில்லை. அப்புறம் போனில் பேசும்போதே மூன்று விஷயங்களைத் தீர்த்துவிடுங்கள். ஒன்று, மொழி. இங்கே கைடுகள் குஜராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் பேசுவார்கள், தமிழ் கிடைக்காது. எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் பாதி நடை ஹிந்தியில் போய்விடும். இரண்டு, கடை. 'எங்களுக்கு ஷாப்பிங் வேண்டாம், நடை மட்டும் போதும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்று, எந்தெந்தப் போள்களுக்குள், அதாவது வாசல் வைத்த பழைய குடியிருப்புத் தெருக்களுக்குள், போவோம் என்று பெயர் கேளுங்கள். கடகடவென்று நான்கைந்து பெயர் சொல்பவர் நடந்து பழகியவர். 'எல்லாம் பார்க்கலாம் சார்' என்பவரை விட்டுவிடுங்கள்.

அரை நாளில் ஆசிரமம், படிக்கிணறு, பழைய நகரம் மூன்றையும் காட்டுகிறேன் என்று சொல்கிற கார் பேக்கேஜ்களும் உண்டு. அதில் பழைய நகரம் என்பது சிதி சையத் மசூதி வாசலில் பத்து நிமிடம். அவ்வளவுதான்.

முட்டி வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இந்த நடை ஒத்துவராது. தரை மேடுபள்ளம், கோயில்களில் படி, சில இடங்களில் சாக்கடை மூடியைத் தாண்ட வேண்டும். அவர்களுக்கு ஜாமா மசூதி, பத்ரா கோட்டை, சிதி சையத் மசூதி மூன்றையும் ஆட்டோவில் போய்ப் பார்ப்பதே வசதி.

படி 3: முந்தின இரவு எடுத்து வைக்க வேண்டியவை

சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பு. லேஸ் கட்டுகிற ஷூ போட்டால் கோயிலுக்குக் கோயில் குனிந்துகொண்டே இருக்க வேண்டும். கூடவே ஒரு ஜோடி காலுறை, ஏனென்றால் பத்து மணிக்கு மேல் மசூதி முற்றத்தின் கல் சுடும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் வேண்டாம், சமணக் கோயில்களில் தோல் பொருளை உள்ளே விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடுகிற உடை. தலையை மூட ஒரு துப்பட்டா, ஆண்களுக்கு ஒரு கைக்குட்டை. தண்ணீர் பாட்டில். பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை.

யாரும் சொல்லித் தராத ஒன்று: கழிப்பறை. சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் நல்ல கழிப்பறை கிடைப்பது சிரமம். கிளம்புகிற கோயில் வளாகத்திலேயே முடித்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள். பெண்களும் குழந்தைகளும் வருகிற குழு என்றால் இதை மறக்கவே கூடாது.

படி 4: காலை ஏழரை, காலுப்பூர்

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் இறங்குகிற அகமதாபாத் ஜங்ஷனைத்தான் ஊர்க்காரர்கள் காலுப்பூர் ஸ்டேஷன் என்கிறார்கள். கோயில் அங்கிருந்து பக்கம்தான். ஆற்றுக்கு மேற்கே தங்கியிருந்தால் மெட்ரோவின் கிழக்கு மேற்குத் தடத்தில் ஏறிக் காலுப்பூரில் இறங்கலாம். ஆட்டோ என்றால் மீட்டர் போடச் சொல்லி, 'காலுப்பூர் மந்திர்' என்று சொன்னால் போதும்.

அரை மணி முன்னதாகவே போய்விடுவது நல்லது. இந்தக் கோயிலைத் தனியாகப் பார்க்க நேரம் வேண்டும். சுவாமிநாராயண் சம்பிரதாயத்தின் முதல் கோயில் இது, அதை நிறுவிய சகஜானந்த சுவாமி இருந்தபோதே 1822-ல் பிரதிஷ்டை ஆனது. நிலம் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. கல் கோபுரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த இடம் வேறு மாதிரி இருக்கும். பர்மா தேக்கில் செதுக்கி, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் தீட்டிய தூண்களும் தாங்குகட்டைகளும் வரிசையாக நிற்கும். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மேலே பாருங்கள். இந்த மரவேலையைத்தான் அடுத்த இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள்.

மாநகராட்சி நடையில் கிளம்பும் முன் நகரத்தின் வரலாற்றைப் படங்களோடு சிறிது நேரம் காட்டுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஊரின் பெரிய கணக்கு இதுதான்: 1411-ல் சுல்தான் அகமது ஷா நகரை நிறுவினார். அதே நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சுல்தான் மகமூது பேகடா சுற்றிலும் மதில் எழுப்பினார். 1573-ல் அக்பர் பிடித்தார். 18-ஆம் நூற்றாண்டில் மொகலாயர்களும் மராத்தியர்களும் இந்த ஊருக்காக மோதிக்கொண்டார்கள். 1817-18 வாக்கில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1861-ல் ரண்சோட்லால் சோட்டாலால் முதல் நூற்பாலையை ஓடவிட்டார், பிறகு ஆலைப் புகைபோக்கிகள் ஊரைச் சூழ்ந்தன. நீங்கள் உள்ளே பார்க்கப் போகிற வீடுகளில் இந்தக் காலம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சன்னலிலோ தூணிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 5: போள்களுக்குள்

போள் என்பது ஒரே வாசல் வைத்த குடியிருப்புத் தெரு. உள்ளே பல சந்துகள் கிளைக்கும், பெரும்பாலும் ஒரே சாதியோ ஒரே தொழிலோ உள்ள குடும்பங்கள் வாழ்ந்தன. வாசலுக்கு மேலே காவல்காரனுக்கு ஓர் அறை. இரவில் கதவைச் சாத்திவிட்டால் போள் தனி ஊர். உள்ளேயே கோயில், உள்ளேயே கிணறு, செய்தி எழுதிப் போட ஒரு கரும்பலகை. 18-ஆம் நூற்றாண்டின் சண்டைகளிலும் கொள்ளையிலும் உயிரைக் காத்துக்கொள்ள மக்கள் இப்படி அடைந்து வாழ்ந்தார்கள் என்று கைடு சொல்வார். அது சரி. கூடவே, அக்கம்பக்கத்தாரின் கண் எப்போதும் மேலே இருக்கிற வாழ்க்கையும் அது. இன்று இளம் குடும்பங்கள் ஆற்றைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருப்பதற்கு கார் நிறுத்த இடமில்லாதது மட்டுமே காரணம் இல்லை.

நடை முதலில் லம்பேஷ்வர் நீ போளுக்குள் போகும் (குஜராத்தியில் 'நீ' என்றால் 'உடைய'). அங்கே கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்தது. 1820-ல் பிறந்து 1898 வரை வாழ்ந்தவர், அலெக்சாண்டர் ஃபார்ப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு சேர்ந்து குஜராத்தி எழுத்துக்கு உழைத்தவர். வீட்டின் முகப்பை மட்டும் மறுபடி எழுப்பி, அதன் முன்னே அவரை ஆளளவு வெண்கலச் சிலையாக உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கிற வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

வழியில் கம்பத்தின் மேல் சின்ன மண்டபம் மாதிரி ஒன்று நிற்கும், புறாக்கள் மொய்க்கும். அதுதான் சபுத்ரோ, பறவைகளுக்குத் தானியம் போடுகிற மேடை. ஊர் பெருகி மரங்கள் குறைந்த இடத்தில் பறவைக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சமண, வைணவக் குடும்பங்களின் உயிர்க்கருணை இதில் தெரியும். இன்றும் காலையில் யாராவது ஒருவர் சோளமோ கம்போ கொண்டுவந்து போடுவார்.

இப்போது வீட்டுக்கு வருவோம். வாசலில் ஓட்லோ, அது நம்ம ஊர்த் திண்ணைதான். பெரியவர்கள் செய்தித்தாள் விரித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் திறந்த முற்றம், சௌக். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். பக்கச் சுவர்கள் பக்கத்து வீட்டோடு ஒட்டியவை, சன்னல் வைக்க இடமில்லை. வெயில் நேரத்தில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விட, சந்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

முற்றத்தில் ஒரு சின்ன மூடி தெரியும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதன் அடியில் டாங்கா, மழைநீர்த் தொட்டி. முதல் மழையைக் கூரையைக் கழுவி வெளியே ஓடவிடுவார்கள். அதற்குப் பிறகு பெய்வதைக் குழாய் வழியாக உள்ளே இறக்கிச் சேமிப்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு, இருட்டு, மேலே மூடி, ஆகவே வருடம் முழுக்கத் தண்ணீர் கெடாது. கிணற்று நீர் உப்புக் கரித்த வீடுகளில் சமைக்கவும் குடிக்கவும் இதுதான். பல வீடுகளில் இன்று மூடிக்கிடக்கிறது, சில வீடுகளில் மட்டும் புழங்குகிறது. மாநகராட்சி நடையில் எல்லா நாளும் வீட்டுக்குள் போக முடியாது. தனிக் கைடு என்றால் தெரிந்த ஒரு வீட்டில் காட்டச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சுவரையும் கவனியுங்கள். செங்கல் வரிசைக்கு நடுவே மரச்சட்டம் ஓடும். நிலம் ஆடினால் சுவர் சற்று நெளிந்து கொடுக்கும். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இந்த நகரின் புதுப் பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மரமும் செங்கல்லும் கலந்த பழைய வீடுகள் பல தாக்குப் பிடித்தன. பெரிய வணிகர்களின் ஹவேலி, அதாவது மாளிகை வீடு என்றால் மேல்மாடியைத் தாங்குகிற மரத் தாங்குகட்டைகளையே கால் மணி நேரம் பார்க்கலாம். ஹர்குன்வர் ஷேட்டாணியின் ஹவேலி அதற்குப் பேர்போனது. கணவர் ஹட்டீசிங் இறந்த பிறகு, அவர் தொடங்கிய சமணக் கோயிலைப் பொறுப்பெடுத்துக் கட்டி முடித்த பெண்மணி இவர். தில்லி தர்வாஜாவுக்கு வெளியே, 1848-ல் முடிந்த அந்த வெள்ளைப் பளிங்குக் கோயிலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாஜா பட்டேல் நீ போளில் காலா ராம்ஜி கோயில். கோபுரம் எதுவும் தேடாதீர்கள், வீட்டு வாசல் போலத்தான் இருக்கும். உள்ளே கருங்கல்லில் ராமர், நிற்காமல் உட்கார்ந்த கோலத்தில். தோஷிவாடா நீ போள் பக்கம் குவாவாலோ காஞ்சோ என்று ஒரு முடுக்கு, கிணற்றைச் சுற்றிய சின்னச் சதுக்கம். மராத்திய பாணி, பாரசீகச் சாயல், ஆங்கிலேயர் காலத்துத் தூண் என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலத்தைப் பேசும். கைடு இங்கே வேகமாகப் பேசிவிட்டு நகர்ந்தால், எது எந்தக் காலம் என்று வீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சமணக் கோயில்களைத் தெராசர் என்பார்கள். சிலவற்றில் தரைக்குக் கீழே ஒரு சன்னிதி இருக்கும், படையெடுப்புக் காலத்தில் மூர்த்திகளைக் காக்கச் செய்த ஏற்பாடு. உள்ளே மூர்த்தியைப் படம் எடுக்கக் கூடாது. பூஜை உடையில் இருப்பவர்களைத் தொட்டுவிடாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

பிறகு அந்த ரகசிய வழி. ஒரு கதவுக்குள் நுழைவீர்கள், இருட்டாக நான்கு எட்டு, யாரோ துவைத்த துணி, அப்புறம் வேறு ஒரு போளில் வெளியே வருவீர்கள். ஆபத்துக் காலத்தில் தப்பிக்க வைத்த பாதை. இப்போது பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே ஓடுகிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. இங்கே குரலைத் தாழ்த்துங்கள், இது இன்னொருவர் வீட்டு நடை.

படம் எடுப்பதில் ஒரு சின்ன மரியாதை. ஓட்லோவில் இருப்பவரிடம் முதலில் 'கேம் சோ' என்று நலம் கேளுங்கள். பெண்களைப் 'பென்' (சகோதரி) என்றும் ஆண்களைப் 'பாய்' (சகோதரர்) என்றும் கூப்பிட்டுக் கேமராவைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். வேண்டாம் என்று கையசைத்தால் விட்டுவிடுங்கள். தினமும் காலையில் ஒரு கூட்டம் வந்து தன் வீட்டு வாசலை அண்ணாந்து பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

படி 6: கதைகளைக் கேட்கிற விதம்

இந்த ஊர்க் கைடுகள் கதைசொல்லிகள். ஆற்றங்கரையில் ஒரு முயல் நாயைத் துரத்துவதைப் பார்த்து, இந்த மண்ணுக்கு இவ்வளவு வீரமா என்று அகமது ஷா இங்கே நகரம் அமைத்தார் என்பார்கள். அவர் கோட்டை கட்டக் கட்ட, மாணேக்நாத் என்ற துறவி பகலில் பாய் முடைந்து இரவில் பிரிப்பாராம், அவர் பிரிக்கப் பிரிக்க எழுப்பிய சுவர் இடிந்து விழுமாம். மாணேக் சௌக் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ரசித்துக் கேளுங்கள். ஆனால் கதையையும் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'இது எங்கே எழுதியிருக்கிறது?' என்று மடக்குவதைவிட 'இதை உங்கள் வீட்டில் யார் சொன்னார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கைடு அங்கேதான் மலர்வார். பழைய நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் கலவரக் காலங்களைப் பற்றியும் ஊரடங்கு நாட்களைப் பற்றியும் தானாகவே ஏதாவது சொல்லக்கூடும். அவர் சொன்னால் கேட்கலாம், சந்துக்கு நடுவில் நின்று நாமாகத் தோண்ட வேண்டாம்.

படி 7: மாணேக் சௌக்கிலிருந்து ஜாமா மசூதி வரை

போள்களை விட்டு வெளியே வந்ததும் சத்தம் முகத்தில் அடிக்கும். ஃபெர்னாண்டஸ் பாலத்தின் அடியில் புத்தகக் கடைகளும் நோட்டுக் கடைகளும். அதைத் தாண்டினால் மாணேக் சௌக். 1894-ல் தொடங்கிய, நாட்டிலேயே இரண்டாவது பழைய பங்குச் சந்தையின் பழைய கட்டடம் இங்கேதான் இருக்கிறது. காலையில் மாடுகளுக்குப் புல் விற்பார்கள், பகலில் தங்கமும் வெள்ளியும், இரவில் கடை அடைத்ததும் சாப்பாட்டுக் கடைகள். ஒரே சதுக்கம், மூன்று ஷிஃப்ட். சீக்கிரம் வந்தால் நகைப் பட்டறை வாசல்களில் தூசியைக் கூட்டி அள்ளுகிறவர்களைப் பார்க்கலாம். தூள்தோயா என்று பெயர். அந்தத் தூசியைக் கழுவி, அதில் சிதறிய தங்கத்தைப் பிரித்தெடுப்பது அவர்கள் பிழைப்பு.

சதுக்கத்தின் ஒரு பக்கம் ராணி நோ ஹஜீரோ, அரசிகளின் கல்லறைகள். சுற்றிலும் நவராத்திரிக்குப் போடுகிற சனியா சோளி என்கிற பாவாடை ரவிக்கைக் கடைகள் மொய்த்துக்கொண்டு வாசலையே மறைத்துவிடும். இன்னொரு பக்கம் பாத்ஷா நோ ஹஜீரோ, 1442-ல் இறந்த அகமது ஷாவின் கல்லறை. இதன் உள்ளறைக்குள் பெண்களை விடுவதில்லை. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும்.

ஜாமா மசூதிக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். 1424-ல் கட்டி முடிந்தது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள். வெளியே முற்றம் வெயிலில் கண் கூசும், உள்ளே தூண்களுக்கு நடுவே நுழைந்தால் குளுமை. தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தாமரையும் சங்கிலியில் தொங்கும் மணியும் செதுக்கியிருக்கும், கோயில் கட்டிப் பழகிய கைகள் இங்கே மசூதி கட்டியிருக்கின்றன. முகப்பு வளைவின் இரு பக்கமும் மொட்டையாக நிற்பவை மினார்களின் அடிப்பகுதி. 1819 கட்ச் நிலநடுக்கத்தில் மினார்களின் மேல்பகுதி விழுந்துவிட்டது.

படி 8: பத்தரை மணிக்குப் பிறகு

மாநகராட்சி நடை இங்கே முடிந்துவிடும், கைடு கிளம்பிவிடுவார். நீங்கள் கிளம்பாதீர்கள். மீதி இடங்கள் மேற்கே நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன, அவற்றுக்குக் கைடு தேவையில்லை.

தீன் தர்வாஜாவின் மூன்று வளைவுகளுக்கு அடியில் தலை நிமிர்த்தி நடக்க முடியாத அளவுக்கு வியாபாரம். ஒரு மாடத்தில் விளக்கு எரியும். நகரை விட்டுப் போகப் புறப்பட்ட லட்சுமியை, 'நான் திரும்பி வரும்வரை நில்லுங்கள் தாயே' என்று வாக்கு வாங்கிக்கொண்டு, திரும்பி வராமலேயே உயிரை விட்டானாம் கோட்டைக் காவலன். அந்த விளக்கைத் தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம் ஏற்றிவருகிறது. அதைத் தாண்டினால் பத்ரா கோட்டை, உள்ளே பத்ரகாளி கோயில்.

கடைசியாக சிதி சையத் மசூதி. அபிசீனிய வம்சத்தில் வந்த சிதி சையத், குஜராத் சுல்தான் ஆட்சியின் கடைசி நாட்களில், 1572-73 வாக்கில் கட்டியது. சின்ன மசூதி. பின்சுவரின் அரைவட்டச் சன்னல்களில் ஒன்றில், கல்லில் ஒரு மரமும் அதைப் பின்னுகிற கொடிகளும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் (ஐஐஎம்) சின்னத்துக்கு மூலம் இதுதான். உள்ளே இருந்தும் வெளியே தெருவுக்குப் போயும் இரு பக்கமும் பாருங்கள். உள்ளே இருந்து பார்த்தால் வெளிச்சத்தில் கொடி கருப்பாகத் தெரியும், வெளியே கல்லின் செதுக்கல் தெரியும்.

துணி வாங்க ஆசை இருந்தால் தீன் தர்வாஜா பக்கம் தால்கர்வாட் சந்தையில் அச்சுத் துணியும் பாந்தனியும் கிடைக்கும். மதுரைச் சுங்குடி கட்டியவர்களுக்கு இந்த முடிச்சுச் சாயம் பழகியதாகத் தெரியும், சௌராஷ்டிரர்கள் அங்கே கொண்டுவந்த கைவேலைக்கு உறவு. பட்டோலா என்று ஐயாயிரம் ரூபாய்க்குக் காட்டினால் அது பாட்டன் ஊர்ப் பட்டோலா இல்லை. ஊடும் பாவும் இரண்டையும் கட்டிச் சாயம் தோய்த்து நெய்கிற அசல் சேலை மாதக்கணக்கில் ஆகும், விலை லட்சத்தில் பேசும்.

படி 9: வயிறு

நடைக்கு முன்னால் நிறையச் சாப்பிடாதீர்கள். ஞாயிறு காலை என்றால் ஃபாஃப்டா, ஜலேபி. கடலைமாவு நாடாவும் பப்பாளித் துருவலும் வறுத்த பச்சை மிளகாயும் ஒரு தட்டில், கூடவே சூடான ஜலேபி. இனிப்பும் காரமும் சேர்த்தே கடிக்க வேண்டும். முடிந்த பிறகு லால் தர்வாஜா பக்கம் லக்கி ரெஸ்டாரண்டில் பன் மஸ்காவும் டீயும். மேசைகளுக்கு நடுவே கல்லறைகள் இருக்கும், பயப்பட வேண்டாம், கடையே அப்படித்தான். எம்.எஃப். ஹுசைன் கொடுத்த ஓவியம் சுவரில் தொங்குகிறது.

மதியம் குஜராத்தித் தாலி. பருப்பு இனிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார், போதும் என்றால் தட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைக்க வேண்டும். தனிக் கைடு வைத்திருந்தால் அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். கூலியோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கம்தான். மதுவிலக்கு உள்ள மாநிலம், பெர்மிட் இல்லாமல் அந்த யோசனையே வேண்டாம்.

தூங்கி எழுந்து தெம்பு இருந்தால் இரவு ஒன்பதுக்கு மேல் மறுபடி மாணேக் சௌக். பகலில் நகைக் கடை இருந்த இடத்தில் பாவ் பாஜியும் குல்ஃபியும் சீஸ் துருவிய அன்னாசி சாண்ட்விச்சும். குவாலியர் தோசை என்று ஒன்று விற்கிறார்கள். மேலே வெண்ணெயும் சீஸும் கண்டபடி. சட்னி சாம்பாரைத் தேடாமல், தோசை என்ற பெயரையும் மறந்துவிட்டுச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள்.